ஆட்டோபைலட்டுக்குக் கை கிடையாது

“இப்பல்லாம் பிளேன் தானாவே பறக்குது. பைலட் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறார்.” டீக்கடையிலோ கல்யாண வீட்டிலோ யாராவது இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதையே சிமுலேட்டர் பிரியர்களும் அடித்துப் பேசுவதுதான் சங்கடம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 காக்பிட்டின் ஒவ்வொரு திருகையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இவர்கள். இரவு பதினொரு மணிக்கு வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் நுழைந்து, ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலரிடம் அனுமதி வாங்கி விமானம் ஓட்டுகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், அதனால் கேலி செய்ய வரவில்லை. ஆனால் அவர்களுடைய வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

முதல் துண்டு: “டேக்-ஆஃப் முதல் லேண்டிங் வரை எல்லாம் ஆட்டோபைலட்தான்.”

டேக்-ஆஃபிலேயே இது இடிக்கிறது. இன்று நாம் ஏறும் ஏ320, 737 எதிலும் விமானத்தைத் தரையிலிருந்து எழுப்புவது மனிதக் கைதான். ரன்வேயில் ஓடும்போது கேப்டனின் கை த்ரஸ்ட் லீவர்மீது இருக்கும். பக்கத்தில் இருப்பவர் “வி ஒன்” என்ற முடிவு வேகத்தை அறிவித்ததும் அந்தக் கையை எடுத்துவிடுவார். அந்த வேகத்துக்கு முன்னால் ஏதாவது கோளாறு என்றால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால் என்ஜின் ஒன்று போனாலும் பறந்தே ஆகவேண்டும். கை லீவரில் இருந்தால் பதற்றத்தில் இழுத்துவிடுவோமோ என்பதற்காகவே அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆட்டோபைலட்டைப் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். கேமராவைக் கொண்டு தானாகவே டேக்-ஆஃப் ஆகும் சோதனையை ஏர்பஸ் 2019 டிசம்பரில் துலூஸில் ஓர் ஏ350 விமானத்தில் செய்து காட்டியது உண்மை. அது சோதனை விமானம், பயணிகள் விமானம் அல்ல.

லேண்டிங்கில் மட்டும் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆட்டோலேண்ட் நேற்று வந்ததல்ல. 1965 ஜூன் 10 அன்று லண்டன் ஹீத்ரோவில் பயணிகளோடு வந்த ஒரு டிரைடன்ட் விமானம் தரையைத் தொடும் கடைசிக் கட்டத்தைத் தானியங்கியாக முடித்தது. ஏன் லண்டன்? பனிமூட்டம். கண்ணுக்கு ரன்வே தெரியாத நாளில் விமானத்தை இறக்கத்தான் அந்தத் தொழில்நுட்பமே பிறந்தது. டெல்லியில் டிசம்பர், ஜனவரியில் அதைப் பயன்படுத்துவதும் அதற்காகத்தான். அடர்ந்த பனிமூட்டம் பெரும்பாலும் காற்று ஓய்ந்திருக்கும்போது வருவது. காற்று பலமாக வீசினால் கதை மாறிவிடும். ஏ320-இல் பக்கவாட்டுக் காற்று 20 நாட் வேகத்துக்கு மேல் இருந்தால் ஆட்டோலேண்ட் கூடாது. அதே விமானத்தை மனிதர் 38 நாட் வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். கடினமான நாளில்தான் இயந்திரம் ஒதுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் 30 அன்று சென்னையில் ஒரு ஏ320 ரன்வேயை உரசும் அளவுக்கு வந்து, ஆடி, மறுபடி மேலேறிப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் ‘வேண்டாம், மேலே போ’ என்று முடிவெடுத்தவர் மனிதர்.

ஆட்டோலேண்ட் நடக்கும்போதும் காக்பிட்டில் கை ஓய்வதில்லை. ஃபிளாப் லீவரைப் படிப்படியாக இறக்குவது, சக்கரத்தைக் கீழே விடுவது, எந்த ரன்வே, எந்த உயரத்தில் முடிவெடுப்பது என்று ஊட்டுவது எல்லாம் பைலட்டுகள். எவ்வளவு புத்திசாலி ஆட்டோபைலட்டாக இருந்தாலும் லேண்டிங் கியர் லீவரை இழுக்க அதற்குக் கை கிடையாது. தனக்கு எதிரே உள்ள திரையின் மேல் விளிம்பில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத்து மாறுகிறது என்பதைப் பைலட் வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். மாற வேண்டிய நேரத்தில் மாறவில்லை என்றால், மேலே போய்விட வேண்டியதுதான்.

நடுவானில் மணிக்கணக்காக ஆட்டோபைலட்தான் ஓட்டுகிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் ‘தானாகவே பறப்பது’ என்றால் என்ன என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522. கேபின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச், தரையில் நடந்த பரிசோதனைக்குப் பிறகு ‘மேனுவல்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. பைலட்டுகள் அதைக் கவனிக்கவில்லை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, காக்பிட்டில் இருந்தவர்கள் நினைவிழந்தார்கள். போயிங் 737 என்ன செய்தது? சொல்லி வைத்தபடி 34,000 அடிக்கு ஏறியது. ஊட்டிய பாதையில் ஏதென்ஸ் போனது. அடுத்த கட்டளை வராததால் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பறந்து பார்த்த போர் விமானிகளுக்குக் கேப்டனின் இருக்கை காலியாகவும், கோ-பைலட் சரிந்து கிடப்பதாகவும் தெரிந்தது. எரிபொருள் தீர்ந்தபோது விமானம் மலையில் விழுந்தது. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கடைசிவரை ஆட்டோபைலட் ஒரு பிழையும் செய்யவில்லை.

இரண்டாவது துண்டு: “கம்ப்யூட்டர் தப்பு செய்யாது. விபத்தெல்லாம் மனிதத் தவறு.”

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். இறங்கிக்கொண்டிருந்த துருக்கி விமானம் 1951-இன் இடது ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று காட்டியது. விமானம் இருந்ததோ ஏறக்குறைய 2,000 அடியில். தரையைத் தொட்டாயிற்று என்று நம்பிய ஆட்டோ-த்ராட்டில், என்ஜின் விசையைக் குறைத்துவிட்டது. இன்னொரு பக்கம் ஆட்டோபைலட், இறங்கும் பாதையை விட்டு நழுவாமல் இருக்க மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போனது. ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. காக்பிட்டில் மூன்று பேர் இருந்தும் வேகம் குறைவதைப் பார்க்கத் தவறினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். இது மனிதத் தவறா, இயந்திரத் தவறா? இரண்டும்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பைலட்டுகள் வேகத்தைக் கவனிக்காமல் விட்ட நேரத்தில் நடந்த விபத்து இது. ‘சும்மா இருப்பது’ அந்த வேலையில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

போயிங் 737 மேக்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே ஓர் உணரியின் தவறான தகவலை நம்பி மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர்.

“ஏர் பிரான்ஸ் 447-இல் பைலட்தானே தப்பு செய்தார்?” என்று கேட்பார்கள். ஆமாம். 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏ330-இல் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகம் தெரியாத நொடியிலேயே ஆட்டோபைலட் தன்னை விடுவித்துக்கொண்டது. நள்ளிரவு, அட்லாண்டிக்கின் மேல், 35,000 அடியில், முன்னறிவிப்பே இல்லாமல் விமானம் மனிதன் கைக்கு வந்தது. வந்தவர் தவறாக மூக்கைத் தூக்கினார். நாலரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது, 228 பேர். உயரத்தில் கையால் ஓட்டும் பழக்கம் குறைந்துபோனதுதான் இந்த விபத்தின் பாடம். பைலட் தேவையில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து வரமுடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பைலட்டுகளைக் கையால் ஓட்ட ஊக்குவியுங்கள் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேர். 737-இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் எரித்துத்தான் ஆகவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கினார்கள். டிவியில் மூச்சைப் பிடித்துப் பார்த்தோமே, அந்த இரண்டு மணி நேரமும் ‘இப்போதே இறங்கலாமா, பொறுக்கலாமா’ என்று முடிவெடுத்தது எந்தப் பொத்தானும் அல்ல.

மூன்றாவது துண்டுதான் சிமுலேட்டர்காரர்களின் சொந்தச் சரக்கு: “அவசரம் என்றால் நான் இறக்கிவிடுவேன்.”

இது நம் ஆட்களின் நோய் மட்டுமல்ல. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் யூகவ் நடத்திய கருத்துக்கணிப்பில், வழிகாட்டல் கிடைத்தால் பயணிகள் விமானத்தை இறக்கிவிட முடியும் என்று ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நம்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். பாடம் என்று சொல்ல எதுவுமே இல்லாத நாலு நிமிட லேண்டிங் வீடியோவைப் பார்த்தாலே மக்களுக்குத் தன்னம்பிக்கை கூடிவிடுகிறதாம். நாலு நிமிடத்துக்கே இப்படி என்றால், வருடக்கணக்காக மானிட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு?

2022 மே மாதம் ஃபுளோரிடாவில் பைலட் மயங்கியதும் ஒரு பயணி விமானத்தை இறக்கினாரே என்பார்கள். இறக்கினார், பாராட்டலாம். ஆனால் அது ஒற்றை என்ஜின் செஸ்னா கேரவன், பகல் வெளிச்சம், பொறுமையாக வழிநடத்திய ஒரு கன்ட்ரோலர். எழுபது டன் ஏ320-ஐ அதோடு சேர்க்க முடியாது.

இங்கே அவர்கள் கையில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது, அதையும் வைத்துவிடுகிறேன். விமான நிறுவனங்களே சிமுலேட்டரைத்தானே நம்புகின்றன? உண்மை. ஹைட்ராலிக் கால்கள்மேல் ஆடும் ‘லெவல் டி’ சிமுலேட்டரில் பயிற்சி முடித்த அனுபவசாலி, அந்த ரக விமானத்தை முதன்முதலாக நிஜத்தில் ஓட்டுவது பயணிகளோடாகவே இருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் ஏற்கெனவே வேறு விமானங்களை நிஜ வானத்தில் ஓட்டியவர், பக்கத்தில் பயிற்றுநர் கேப்டன் இருப்பார். நம் வீட்டு சிமுலேட்டரில் இருப்பதும் நிஜ வானத்தில் இல்லாததுமான ஒன்று உண்டு: சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பாஸ் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகலாம்.

பறவைகள் மோதி நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தைப் பற்றி, “நானாக இருந்தால் லகார்டியா விமான நிலையத்துக்கே திருப்பியிருப்பேன்” என்று சொல்லாத சிமுலேட்டர் பிரியர் குறைவு. 2009 ஜனவரி 15-க்குப் பிறகு விசாரணைக்காக நிஜ பைலட்டுகளை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். பறவை மோதிய உடனே, முன்கூட்டியே தெரிந்துவைத்துத் திரும்பியவர்களில் சிலர் ரன்வேயை எட்டினார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மனிதனுக்குத் தேவைப்படும் 35 வினாடிகளைச் சேர்த்துப் பார்த்தபோது எட்டவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்தே உட்காருவதுதான் நம் பொழுதுபோக்கின் இயல்பு.

சிமுலேட்டர் உயிர் காத்த கதையும் உண்டு. டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி கேப்டன், 1985-இல் நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விபத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஹைட்ராலிக் முழுவதும் போனால் என்ஜின் விசையை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா என்று சிமுலேட்டரில் பழகிப் பார்த்தார். 1989 ஜூலை 19-இல் அவர் பயணியாக ஏறிய யுனைடெட் 232-இல் அதேதான் நடந்தது. காக்பிட்டுக்குப் போய், தரையில் மண்டியிட்டு, த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டு சூ சிட்டியில் இறக்க உதவினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பல ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு சிமுலேட்டர் கொடுத்த கூடுதல் அறிவு அது.

கடைசித் துண்டு: “இன்னும் பத்து வருடத்தில் பைலட் வேலையே இருக்காது, பிள்ளையைச் சேர்க்காதே.”

காக்பிட்டில் ஆள் குறைந்தது நிஜம்தான். ரேடியோ ஆபரேட்டர், நேவிகேட்டர், ஃபிளைட் என்ஜினியர் என்று ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஆனால் இரண்டிலிருந்து ஒன்றாக்குவது எளிதாக இல்லை. நீண்ட பயணத்தில் ஒருவர் ஓய்வெடுக்க ஒருவர் மட்டும் ஓட்டும் திட்டத்தை ஆராய்ந்த ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, இப்போதுள்ள காக்பிட்டில் அதே அளவு பாதுகாப்பை நிரூபிக்க முடியவில்லை என்று 2025-இல் சொல்லிவிட்டது. 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அத்தனையிலும் முன்னால் இரண்டு இருக்கைகள்.

பயப்பட வேண்டியது ஆட்டோபைலட்டுக்கு அல்ல, கட்டணத்துக்கு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கவேண்டும், குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி தனிச் செலவு. எல்லாம் சேர்த்தால் அரைக் கோடியைத் தாண்டும். லைசென்ஸ் கையில் இருந்தும் வேலைக்குக் காத்திருப்போர் உண்டு. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்கட்டும். ஃபிளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனையையும் அடுத்து கிளாஸ் 1 பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். அதில் தேறாவிட்டால் எவ்வளவு பணம் கட்டியும் லைசென்ஸ் கிடைக்காது.