மறக்கத் தெரிந்த பெட்டி

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒருவருக்கு வேண்டாமற் போன பொருள் எதுவாயினும் அங்கே வந்து சேரும். அதை வேண்டுமென்று கேட்க இன்னொருவரும் வந்து சேருவார். சென்ற வெள்ளிக்கிழமை அந்த இன்னொருவர் நாமாக நேர்ந்துவிட்டது. மரத்தினால் செய்த பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, கோட்டையைப் பிடித்தவரைப் போல் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நமது இல்லத்தரசி மூடியைத் திறந்து பார்த்தார். ஓர் அறையின் மூலையில் கொஞ்சம் கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எந்த வருஷத்துக் கடுகு?" என்று கேட்டார்.

"பெட்டியோடு இனாமாக வந்தது" என்றோம்.

அச்சமயம் எதிர்வீட்டுப் பிள்ளை வந்தான். கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவன். நமது தெருவாசிகள் சங்கத்தின் இணையதளத்தை ஊதியமின்றிக் கவனித்து வருகிறவன். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் சிறிது வாடியது.

"மாமா, போன மழைக்காலத்தில் நான் செய்த தப்பும் இதுதான். பழைய கடுகை எடுத்துப் போடாமல் இருந்துவிட்டேன்" என்றான்.

அவன் சொன்னது நமக்கு உடனே விளங்கிவிட்டது. வாசகர்களுக்கும் விளங்க வேண்டுமானால் அந்த மழை இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

* * *

அன்று இரவு பத்து மணிக்கு நமது தமக்கையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஆஸ்பத்திரியோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவே ஒரு சுரங்கப்பாதை. நல்ல மழை பெய்தால் அது பாதையாக இருக்குமா, குளமாக இருக்குமா என்பது வருண பகவானுக்கே வெளிச்சம். ஆகையால் மழை நாட்களில் அதன் நிலைமையைச் சங்கத்தின் இணையதளத்தில் எழுதிவைப்பது வழக்கம். கைபேசியில் பார்த்தோம். "வழி திறந்திருக்கிறது" என்று கண்டிருந்தது. ஆட்டோவில் புறப்பட்டோம்.

சுரங்கப்பாதையின் வாயிலில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. திரும்பி, மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. தமக்கையார் பிழைத்துக்கொண்டார். ஆயினும், "இன்னும் சற்று முன்னால் அழைத்து வந்திருக்கலாமே!" என்று டாக்டர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் நம் காதில் இருக்கிறது.

மறுநாள் விசாரித்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. சங்கத்தின் காரியதரிசி தமது கடமையில் தவறவே இல்லை. இரவு எட்டு மணிக்கே, "பாதை மூடப்பட்டது" என்று எழுதிவிட்டார். அவர் எழுதியது கம்ப்யூட்டரில் பத்திரமாகவும் இருந்தது. ஆனால் நமக்குக் காட்டப்பட்டது அன்று காலை ஒன்பது மணிக்குத் தயாரித்து வைத்த பிரதி!

* * *

இது எப்படி நேர்ந்தது? இணையதளப் பக்கங்களைச் சமைத்துத் தரும் கணினி மொழிகளுள் பி.எச்.பி. என்பது ஒன்று. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995-ல் இதை உலகுக்கு அளித்தார். விக்கிபீடியாவை நடத்தும் 'மீடியாவிக்கி' என்னும் மென்பொருள் இம்மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவில் நம் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் பக்கங்கள் எல்லாம் இந்த அடுப்பில் வெந்தவையே.

இந்த மொழிக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டு. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் அது பிறக்கிறது. பக்கத்தைச் சமைத்துக் கொடுத்ததும் இறக்கிறது. அடுத்த நிமிஷம் இன்னொருவர் அதே பக்கத்தைக் கேட்டால் மறுபடி ஜன்மம் எடுக்கிறது. பூர்வ ஜன்ம ஞாபகம் துளியும் இல்லை. ஆகையால் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளம் என்னும் உக்கிராண அறைக்கு ஓடி, மூட்டையை அவிழ்த்து, சாமான் எடுத்து வரவேண்டியிருக்கிறது. பத்துப் பேர் கேட்டால் கவலையில்லை. மழை இரவில் ஊரே கேட்டால் உக்கிராண அறையின் வாசலில் நெரிசல் உண்டாகி, சமையலே நின்றுவிடும்.

இதற்காகத்தான் அடுப்பின் பக்கத்தில் ஓர் அஞ்சறைப் பெட்டி வைக்கிறார்கள். அதன் பெயர் 'கேஷ்'. ரொக்கப் பணம் என்று எண்ணி யாரும் ஆசைப்பட வேண்டாம். உச்சரிப்பு மட்டுமே ஒன்று. அடிக்கடி வேண்டியதைக் கம்ப்யூட்டரின் விரைவு நினைவகத்தில், எட்டிய கைக்கு அகப்படும்படி வைத்துக்கொள்வதே அதன் தத்துவம்.

பி.எச்.பி.யோடு ஒரே யந்திரத்தில் குடியிருக்கும் பெட்டிக்கு ஏ.பி.சி.யு. என்று பெயர். தனிக் குடித்தனம் செய்து, பல யந்திரங்களுக்கும் பொதுவாக உழைக்கும் பெட்டிக்கு 'மெம்கேஷ்டு' என்று பெயர். இரண்டாவதை பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் 2003-ல், 'லைவ் ஜர்னல்' என்ற இணையதளத்தின் நெரிசலைத் தீர்ப்பதற்காக உண்டாக்கினார்.

பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் போதாது. எவ்வளவு இடம், எத்தனை நேரம், யாருக்குத் திறப்பது என்ற மூன்றையும் வைப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

* * *

முதலில் இடம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏ.பி.சி.யு. 32 மெகாபைட்டும், மெம்கேஷ்டு 64 மெகாபைட்டும் எடுத்துக்கொள்ளும். இடம் போதாமற் போனால் மெம்கேஷ்டு நெடுநேரமாக யாரும் தொடாத சாமானை வெளியே தள்ளிவிட்டுப் புதியதற்கு இடம் தரும். ஏ.பி.சி.யு.வுக்கு ஆயுட்காலம் குறிக்காமல் பூஜ்யமாக விட்டுவிட்டாலோ, நிரம்பியதும் பெட்டி முழுவதையும் ஒரேயடியாகக் கவிழ்த்துவிடும் என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. பெட்டி சிறியதானால் வைத்த சாமான் உபயோகப்படுமுன் போய்விடும். மிகப் பெரியதானாலோ கம்ப்யூட்டருக்கே மூச்சுத் திணறும். எத்தனை தடவை கேட்டது கிடைத்தது, எத்தனை தடவை கிடைக்கவில்லை என்ற கணக்கைப் பெட்டியே வைத்திருக்கும். அதைப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடுத்தது நேரம். எதிர்வீட்டுப் பிள்ளை வழுக்கி விழுந்தது இங்கேதான். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே ஆயுளாக 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், என்று எழுதிவிட்டான். சங்கத்தின் ஆண்டுவிழாப் படங்களுக்கு ஒரு நாள் என்ன, ஒரு மாதமும் தகும். வெள்ளச் செய்திக்கு அது தகுமா?

"அறுபது விநாடி வைத்திருந்தாலே போதும், மாமா. ஒரு நிமிஷத்தில் அறுநூறு பேர் கேட்டாலும் உக்கிராணக் கதவை ஒரு தடவை திறந்தால் போதும். பாக்கி 599 பேருக்கும் பெட்டியிலிருந்தே கொடுத்திருக்கலாம். செய்தியும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பழையதாகியிருக்காது" என்று அவனே கணக்குச் சொன்னான்.

அதைவிட மேலான வழியும் ஒன்று உண்டு. புதிய செய்தியை எழுதும்போதே பழைய பிரதியை அழித்துவிட வேண்டும். அழிப்பு என்றைக்காவது தவறிப்போனாலும் காப்பாற்றுவதற்காக அந்த அறுபது விநாடிக் கெடு இருக்கட்டும். இப்போது அவன் இரண்டையும் செய்திருக்கிறான்.

இந்த நேர விஷயத்தில் மெம்கேஷ்டுக்கு ஒரு குறும்பு உண்டு. முப்பது நாளுக்கு உட்பட்ட விநாடிகளைச் சொன்னால், "இன்றிலிருந்து இத்தனை நேரம்" என்று சரியாகப் புரிந்துகொள்ளும். அதற்கு மேற்பட்ட எண்ணைச் சொன்னால் 1970 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். முப்பத்தொரு நாள் வைத்துக்கொள் என்று 2,678,400 விநாடி குறித்தால், "1970 பிப்ரவரி 1-ந் தேதியோடு இதன் ஆயுள் முடிந்தது" என்று தீர்த்து, வைத்த சாமானை அக்கணமே இல்லாததாக்கிவிடும்! அதிக ஆயுள் கேட்டவனுக்கு அற்பாயுள் கொடுக்கும் இந்தத் தெய்வத்திடம் வரம் கேட்கும்போது ஜாக்கிரதை வேண்டும்.

* * *

பழையதை உடனே அழிப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2009 ஜூன் 25-ந் தேதி மைக்கேல் ஜாக்ஸன் என்ற அமெரிக்கப் பாடகர் காலமானார். உலகமெல்லாம் விக்கிபீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தது. அதே சமயம் பலர் அதைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் தயாராக இருந்த பிரதியைச் செல்லாததாக்கியது. வந்தவர்களுக்கெல்லாம் பெட்டி காலியாகத் தோன்றவே, யந்திரங்கள் யாவும் அந்த ஒரே நீண்ட கட்டுரையைத் தனித்தனியே சமைக்கத் தொடங்கித் திணறிப் போயின. கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பந்தலில் உள்ள அத்தனை பேரும் எழுந்து ஆளுக்கோர் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும்?

அதன் பிறகு விக்கிபீடியாக்காரர்கள் 'பூல் கவுண்டர்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு பக்கத்தை ஒரு சில யந்திரங்களே சமைக்கும். மற்றவை காத்திருக்கும், அல்லது கைவசமுள்ள சற்றே பழைய பிரதியைக் கொடுத்து அனுப்பும். பாடகரின் வரலாற்றில் ஒரு நிமிஷப் பழைமையால் யாருக்கும் நஷ்டமில்லை. எதில் பழையது பொறுக்கும், எதில் பொறுக்காது என்ற விவேகத்தை எந்த யந்திரமும் தானாக அறியாது. அதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

* * *

கடைசி விஷயம், கதவு. மெம்கேஷ்டு வீட்டுக்குள் இருப்பவர்களை நம்பி வாழும் பிராணி. வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்காது. 11211 என்ற அதன் வாசல் எண்ணை உலகத்துக்கே திறந்து வைத்தவர்கள் அநேகர். 2018 பிப்ரவரி 28-ந் தேதி, அப்படித் திறந்து கிடந்த பெட்டிகளை ஏவி, 'கிட்ஹப்' என்னும் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் விஷமிகள் தகவல் வெள்ளத்தைப் பாய்ச்சினார்கள். தாக்குதலுக்கு வழிவிட்ட யு.டி.பி. என்னும் பக்கவாசலைப் புதிய பதிப்பில், கேட்டாலொழியத் திறக்காதபடி மூடிவிட்டார்கள். வீட்டுப் பெட்டியை வீட்டோடு வைத்துக்கொள்வதே உத்தமம்.

இன்னும் ஒன்று. மின்சாரம் போனால் பெட்டியில் உள்ளது அத்தனையும் போய்விடும். ஆகவே உக்கிராணத்தில் இல்லாத எதையும் பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது. பெட்டி நமது அவசரத்துக்கு. உக்கிராணமே நமது ஆஸ்தி.

நமது இல்லத்தரசி பெட்டியை நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். பிறகு ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் போட்டார். "நிறையப் போடலாமே!" என்றோம். "தீர்ந்தால் போட்டுக்கொள்கிறேன், பூச்சி பிடித்தால் என்ன செய்வது?" என்றார். பி.எச்.பி.யைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்லவில்லை.

சங்கத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே அதை எழுதிய மணி இப்போது கண்டிருக்கிறது. சென்ற வாரம் லேசாகத் தூறல் போட்டது. தமக்கையார் தமது கைபேசியை நம்மிடம் நீட்டி, "வழி திறந்திருக்கிறதா, பார்" என்றார். நாம் முதலில் பார்த்தது செய்தியை அல்ல, மணியைத்தான்.