முதுமையும் மோட்டார் சைக்கிளும்

இருசக்கர வாகனங்களுக்கான சரக்கு - சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் மாற்றியமைக்கப்பட்டது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 28%ஆக இருந்த வரி 18%ஆகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40%ஆக உயர்ந்தது. அதையொட்டி எழுந்த விவாதங்களில் இளைஞர்களின் வாங்கும் சக்தி பேசப்பட்டது. கிராமப்புறத் தேவை பேசப்பட்டது. தொழிற்சாலைகளின் விற்பனை பேசப்பட்டது. அறுபதைக் கடந்த பின்பும் அன்றாடம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யார் கணக்கிலும் வந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் சிறு தொகையினர் அல்லர். மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பின்படி, 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6% பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18.2%ஆக உயரும். மூத்தோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம். இந்தப் புள்ளிவிவரத்தை ஓய்வூதியச் சுமை, மருத்துவச் செலவு ஆகியவற்றோடு இணைத்துப் பார்க்கப் பழகிவிட்டோம். சாலையோடு இணைத்துப் பார்ப்பது அரிது.

காலையில் இளம்பிள்ளைக் கடைவீதியில் நின்று பார்த்தால் இந்த இணைப்பு எளிதில் புலப்படும். இது சேலைகளின் ஊர். கஞ்சமலையின் இந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறியின் ஓசை கேட்கும். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்பக்கத்தில் நூல் மூட்டையும் பின்பக்கத்தில் சேலைக் கட்டுகளுமாகச் செல்வோரில் நரைத்த தலைகள் ஏராளம். காகாபாளையம், இடங்கணசாலை, தாரமங்கலம் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஊர்களைச் சுற்றி வருபவர்கள் இவர்கள். பேருந்துக்காகக் காத்திருந்தால் பாதி வேலைகூட முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வரலாற்றுப் புள்ளி உண்டு. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 சந்தைக்கு வந்தது 1980இல். ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் வந்தது 1985இல். அதுவரை மோட்டார் சைக்கிள் என்றால் ராஜ்தூத், ஜாவா, புல்லட் எனச் சிலவே. அவற்றை வைத்திருந்தவர்களும் சிலரே. 1985இல் இருபத்தைந்து வயதில் முதல் வண்டியை வாங்கியவர் இன்று அறுபத்தைந்தைத் தொட்டுவிட்டார். நம் தந்தையர் மிதிவண்டியோடு முதுமை அடைந்தார்கள். மோட்டார் வண்டியோடு பெருந்திரளாக முதுமை அடையும் முதல் தலைமுறை எங்களுடையதுதான். முன்மாதிரி இல்லாததாலோ என்னவோ, குடும்பத்துக்கும் அரசுக்கும் எங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் வைத்திருப்பது புல்லட். 1955இல் சென்னையில், இந்திய ராணுவத்தின் தேவையை முன்னிட்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானபோது, அந்த வண்டி இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்த விருந்தாளி. தாய் நிறுவனம் 1970ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தது. விருந்தாளி திருவொற்றியூரில் நிலைத்துவிட்டது. பிறந்த ஊரில் வழக்கொழிந்த ஒரு பொறி, புகுந்த ஊரில் எழுபது ஆண்டுகளைக் கடந்து ஓடுகிறது. (இன்றைய புல்லட் 349 சிசி. ஒரே ஒரு சிசி இடைவெளியில் புதிய வரியின் மேல்தட்டிலிருந்து அது தப்பித்திருப்பதைப் பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.)

போக்குவரத்துக்கான தேவையைப் பொருளியலில் 'பெறப்பட்ட தேவை' என்போம். யாரும் பயணத்துக்காகப் பயணம் செய்வதில்லை. போய்ச் சேரும் இடத்துக்காகவே செய்கிறார்கள் என்பது அதன் பொருள். வகுப்பறையில் இதைப் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் இந்த இலக்கணம் செல்லுபடியாகாது. உச்சியில் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, உடலைச் சாய்த்து, மீண்டும் நிமிரும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் நுகரும் பொருள். மூத்தோரின் நலம் குறித்த கொள்கை ஆவணங்கள் உணவு, மருந்து, பாதுகாப்பு என்று பட்டியலிடுகின்றன. மகிழ்ச்சி என்ற இனம் அவற்றில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் பூங்கா நடைப்பயிற்சி என்ற அளவில் நின்றுவிடுகிறது.

மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 44.5% பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. வயது ஏறும்போது எதிர்வினை நேரம் நீள்கிறது. கண்புரை தொடங்கிவிட்டால் எதிரே வரும் லாரியின் விளக்கொளி சாலையையே மறைத்துவிடுகிறது. இளைஞன் சிராய்ப்போடு எழுந்துவிடும் அதே வீழ்ச்சியில் முதியவரின் இடுப்பெலும்பு முறிகிறது. "போதும் அப்பா, சாவியைக் கொடுத்துவிடுங்கள்" என்று பிள்ளைகள் சொல்வது அன்பினால் மட்டுமன்று. அதில் நியாயமும் உண்டு.

ஆனால், சாவியை வாங்கிய பிறகு என்ன தருகிறோம்? ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது; இன்னும் திரும்பவில்லை. நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 2021இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது மிக நல்ல திட்டம். எனினும் இலவசமாக ஏறுவதற்கும் பேருந்து வர வேண்டும் அல்லவா? கிளைச் சாலைகளில் இருக்கும் ஊர்களில் வண்டியைக் கைவிட்ட முதியவர் மருந்துக் கடைக்கும் வங்கிக்கும் இன்னொருவரின் கையை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். பின்னர் கேட்பதற்குக் கூச்சப்பட்டு வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார். இந்தச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு பெறும் உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்று வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை வேறுபடுத்திக் காண முடியுமா, மாலைக்கண் உண்டா, ஒலி எச்சரிக்கை காதில் விழுமா என்றெல்லாம் அந்தப் படிவம் மருத்துவரைக் கேட்கிறது. கேள்விகளில் பெரிய குறையில்லை. எண் பலகை எதையும் காட்டாமலே பதில்கள் நிரப்பப்படுவதில்தான் குறை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக்கூடப் பாராமல் கையொப்பம் இடப்படுவது ஊரறிந்த நடைமுறை. உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டாதவரை ஓட்டுநர் தேர்வும் இல்லை. ஆக, 1985இல் எட்டுப் போட்டுக் காட்டிய ஒருவர், அதற்குப் பிறகு எவர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டாமலே எண்பது வயதை எட்டிவிடலாம்.

ஜப்பானில் எழுபது வயதுக்கு மேற்பட்டோர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சிறப்புப் பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டும். எழுபத்தைந்துக்கு மேல் அறிதிறன் சோதனையும் உண்டு. பிரிட்டன் எழுபதுக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சுய அறிவிப்பை மட்டும் கேட்கிறது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் உரிமையாளர்களின் நடு வயது 1990இல் 32, 2018இல் 50. சந்தை மூப்படைவதைக் கண்ட ஹார்லி டேவிட்சன் நிறுவனம், தாங்கிப் பிடிக்கத் தேவையில்லாத மூன்று சக்கர வண்டியையே வெளியிட்டது. தைவானில் 2007இல் ஒரு முதியோர் நல அறக்கட்டளை, சராசரி வயது 81 கொண்ட பதினேழு பேரை இருசக்கர வண்டிகளில் தீவு முழுவதும் சுற்றி வரச் செய்தது. மருத்துவக் குழு துணைக்குச் சென்றது. பயணம் பதின்மூன்று நாள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மூளைக்கு நல்லது என்று ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 2009இல் வெளியான ஆய்வை ஆர்வலர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அதில் யமஹா நிறுவனத்தின் பங்கு இருந்தது. பங்கேற்றவர்களோ நடுத்தர வயதினர். என் புல்லட்டுக்காக வாதாட அந்த ஆய்வை நான் அழைக்கப் போவதில்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் அறுபதைக் கடந்தவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது அரை நாள் ஒதுக்கினால் போதும். அங்கேயே கண் பரிசோதனை, சிறிது தூரம் ஓட்டிக் காட்டுதல், அவசரத் தடை பிடிக்கும் பயிற்சி. நம் மாவட்டங்களில் கண் சிகிச்சை முகாம்களுக்குப் பஞ்சமில்லை; அவற்றை அந்த வளாகத்துக்கு அழைத்துவர பெரிய நிதி தேவைப்படாது. இரவில் தடுமாறுபவருக்கு உரிமத்தையே பறிக்காமல், பகலில் மட்டும் ஓட்டலாம் என்று நிபந்தனை விதிக்கலாம். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடைகள் இளைஞரைத் துள்ளவைக்கின்றன, முதியவரை வீழ்த்துகின்றன. அவற்றுக்கு வண்ணம் பூசுவது உள்ளாட்சியின் ஒருநாள் வேலை.

வண்டியின் வடிவமைப்பும் இதில் அடங்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே கட்டாயமாக இருந்தது. எல்லா வண்டிகளுக்கும் அதை விரிவுபடுத்த 2025 ஜூனில் வரைவு அறிவிக்கை வந்தபோது, விலை உயரும் என்று உற்பத்தியாளர்கள் கவலை தெரிவித்தார்கள். மூத்தோர் அதிகம் ஓட்டுவது சிறிய வண்டிகளைத்தான் என்பதை அந்த விலைக் கணக்கோடு சேர்த்து எடைபோட வேண்டும். வரிக் குறைப்பால் கிடைத்த பத்து சதவீதப் புள்ளிகளில் ஒரு பகுதி இதற்குச் சென்றால் தவறில்லை.

இதற்கிடையே எங்கள் வட்டாரத்து மூத்த ஓட்டுநர்கள் தமக்குத் தாமே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். 195 கிலோ புல்லட்டைத் துணையின்றி சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற முடிகிறதா என்பதே அது. முடியாமல் போனவர்களில் இருவர் வண்டியை விற்றுவிட்டு, அதில் பாதி எடைகூட இல்லாத எக்ஸெல்லுக்கு மாறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மலையேற வருவதில்லை. அடிவாரத் தேநீர்க் கடைவரை வருகிறார்கள்.