பங்கு வேண்டாம் என்ற பிரசங்கிகள்

அமெரிக்காவில் மத சுதந்திரம் எப்படி வந்தது என்று கேட்டால், ஜெபர்ஸன், மாடிஸன் என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறவர்களே அதிகம். சட்டத்தை எழுதியதும் நிறைவேற்றியதும் அவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். பெரும்பாலும் அதிகப் படிப்பில்லாத, குடியானவர்களோடு குடியானவர்களாக வாழ்ந்த பாப்டிஸ்ட் பிரசங்கிகள் அவர்கள்.

வர்ஜீனியா அப்போது பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையே அங்கு சர்க்கார் மதம். அதன் பாதிரியாருக்கு வருஷச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை. அவருடைய கோயில் வாசலை மிதிக்காதவனும் அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டியாக வேண்டும். கல்யாணம் சட்டப்படி செல்ல வேண்டுமானால் அவரே நடத்தி வைக்க வேண்டும். மாற்றுச் சபையார் பிரசங்கம் செய்ய லைசென்ஸ் வேண்டும். எந்த இடத்தில் கூடுவது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். பாப்டிஸ்டுகளில் பலர் லைசென்ஸ் கேட்கவே மறுத்தார்கள். கடவுள் இட்ட வேலைக்குக் கவர்னரின் அனுமதி எதற்கு என்பது அவர்கள் கட்சி.

1768 ஜூன் 4-ந் தேதி ஸ்பாட்ஸில்வேனியா ஜில்லாவில் ஜான் வாலர், லூயிஸ் கிரெய்க், ஜேம்ஸ் சைல்ட்ஸ் ஆகியோர் கைதானார்கள். குற்றம், பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தது. வழியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி வேதம் சொல்லித் தொல்லை கொடுக்கிறார்கள் என்று சர்க்கார் வக்கீல் முறையிட்டார். இந்த வாலரின் கதை வேடிக்கையானது. வாய் நிறைய வசவு பேசித் திரிந்த மனிதர். கிரெய்க் மீது முன்பு குற்றம் சாட்டிய ஜூரியிலேயே உட்கார்ந்திருந்தவர். கிரெய்க் அதைத் தாங்கிக்கொண்ட விதத்தைக் கண்டு மனம் மாறியவர்!

ஒரு வருஷமும் ஒரு நாளும் பிரசங்கம் செய்வதில்லை என்று உறுதி கொடுத்தால் விடுதலை என்றது கோர்ட்டு. கொடுக்க மறுத்து, பிரெடரிக்ஸ்பர்க் தெருக்களில் பாடிக்கொண்டே சிறைக்கு நடந்தார்கள். வாலர் 43 நாள் உள்ளே இருந்தார். ஜன்னல் வழியாகப் பிரசங்கம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த சில வருஷங்களில் சிறை கண்ட பிரசங்கிகள் முப்பது பேருக்கு மேல். கல்பெப்பர் சிறையில் ஜேம்ஸ் அயர்லாந்து இருந்த அறைக்குக் கீழே வெடிமருந்து வைத்தார்கள். கந்தகமும் மிளகும் கொளுத்திப் புகை போட்டார்கள். இதை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிச் சிலர் பக்கத்து ஜில்லாவில் அடைபட்டுக் கிடப்பதை 1774-ல் நண்பருக்கு எழுதிக் கொதித்த வாலிபர்தான் மாடிஸன். 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் தயாரானபோது, நகலில் மதத்தைப் பற்றி 'சகிப்பு' என்ற சொல் இருந்தது. 25 வயது மாடிஸன் அதை நீக்கி, மதத்தைத் தடையின்றி அனுசரிப்பது எல்லோருக்கும் சமமான உரிமை என்று மாற்ற வைத்தார். சகித்துக்கொள்கிறவன் நாளைக்குச் சகிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம் அல்லவா?

சிறையைக் காட்டிலும் பெரிய பரீட்சை 1784-ல் வந்தது. வரி இருக்கட்டும், அவரவர் வரிப் பணம் அவரவர் சபைப் போதகருக்கே போகட்டும் என்று பேட்ரிக் ஹென்றி ஒரு யோசனை கொண்டுவந்தார். பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. பிரஸ்பிடேரியன் பாதிரிமார் சிலருக்குக்கூட முதலில் சபலம் தட்டியது. ஏழைச் சபைகளான பாப்டிஸ்டுகளுக்கோ கையில் காசு வந்து விழும் சமயம். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சர்க்கார் கையால் சம்பளம் வாங்குகிற போதகன் சர்க்கார் முகம் பார்த்துத்தான் பேசுவான். அடிபட்டவர்கள் அதை அறிந்திருந்தார்கள். தமக்கு இழைத்த அநீதியை எதிர்ப்பது யாருக்கும் இயல்பு. தமக்கும் லாபம் தருகிற அநீதியை எதிர்ப்பது அபூர்வம். 1785-ல் மாடிஸன் எழுதிய கண்டன மனுவோடு பாப்டிஸ்டுகளின் மனுக்களும் குவிந்தன, மசோதா செத்தது. 1786 ஜனவரி 16-ல் ஜெபர்ஸனின் மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அப்போது அவர் பாரிஸில் தூதராக இருந்தார்.

இந்தப் பிரசங்கிகள் எல்லாவற்றிலும் உறுதியாக நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஜான் லேலண்டின் முயற்சியால் 1789-ல் வர்ஜீனியா பாப்டிஸ்டுகளின் பொதுக் கமிட்டி அடிமை முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. நாலே வருஷத்தில், அது சட்டசபையின் விவகாரம் என்று கமிட்டி கை கழுவிவிட்டது. பணத்தை உதறியவர்களுக்கு அடிமைகளை உதற மனம் வரவில்லை.

லேலண்ட் 1791-ல் சொந்த நாடான மாஸசூஸெட்ஸுக்குத் திரும்பினார். மதத்தில் கை வைக்கக் கூடாது என்று மத்திய காங்கிரஸைத் தடுக்கும் முதல் அரசியல் திருத்தம் அதே வருஷம் அமுலுக்கு வந்துவிட்டது. ஆனால் அது ராஜ்யங்களைக் கட்டுப்படுத்தவில்லை. மாஸசூஸெட்ஸில் கோயில் வரி தொடர்ந்தது. லேலண்டும் விடாமல் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். 1833-ல் அந்த வரி ஒழிந்தபோது அவருக்கு வயது 79.