பத்தாயிரம் ரூபாய் மிச்சமா?

பெருநாள் நெருங்கினால் புத்தாடையோடு பிளேஸ்டேஷனும் கேட்கும் பிள்ளைகள் இன்று ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலும் உண்டு. வாங்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீட்டின் முடிவு. நாம் பேச விரும்புவது அதன் விலையைப் பற்றி.

2021 பிப்ரவரி 2 அன்று பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, வட்டு போடும் வகை 49,990 ரூபாய். வட்டு இல்லாத டிஜிட்டல் வகை 39,990 ரூபாய். பின்னர் இரண்டுமே விலை ஏறின. பத்தாயிரம் மிச்சம் என்று மலிவானதை எடுக்குமுன், விற்பவர் எப்படி அவ்வளவு குறைக்கிறார் என்று நாம் கேட்க வேண்டாமா?

இந்த வணிகத்தில் பெட்டியை அடக்க விலைக்கும் கீழே விற்பது புதிதன்று. 2006இல் அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3ஐ ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்து, தயாரிப்புச் செலவே 800 டாலரைத் தாண்டுவதாகக் கணக்கிட்டது. எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்று ஒருபோதும் இலாபம் கண்டதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021இல் நீதிமன்றத்திலேயே சாட்சியம் அளித்தார். அந்த நட்டம் விளையாட்டுகளிலும் சந்தாவிலும் திரும்ப வசூலாகிறது. கண்ட்ரோலரிலும்தான்: டிஜிட்டல் வகையின் நட்டத்தைத் துணைக்கருவிகள் போன்றவற்றின் விற்பனை ஈடுகட்டும் என்று 2021 ஆகஸ்டில் சோனியே கூறியது. வட்டு வகையில் அப்போதே நட்டம் நின்றிருந்தது.

அந்தக் கண்ட்ரோலர் தொடக்கத்தில் 5,990 ரூபாய். கட்டைவிரலால் அசைக்கும் குமிழின் அடியில் உரசிக்கொண்டே இருக்கும் பகுதி நாளடைவில் தேயும். பிறகு கை வைக்காமலே திரையில் ஆள் நகர்வான். உரசாமல் காந்தத்தால் இயங்கும் குமிழ்கள் உண்டு. ஆயினும் இதில் அவை இல்லை. பழுது பார்க்க நாம் மலையிறங்கிப் போளூருக்கோ வேலூருக்கோ போக வேண்டும். பெரும்பாலும் புதிதே வாங்குவோம்.

டிஜிட்டல் வகைக்கு விளையாட்டுகள் சோனியின் இணையக் கடை வழியாகவே வரும். பெரிய விளையாட்டு ஒன்றே பல பத்து ஜிபி; மலைமேல் கைப்பேசி இணையத்தை நம்பி அதை இறக்குவது எளிதா? வட்டு என்றால் மாமி மகனிடம் இரவல் வாங்கலாம், பழையதை வாங்கலாம், ஆடி முடித்ததை விற்றும்விடலாம்.

கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமன்று. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வாங்குவதென்றே முடிவானால் மலைவாழ் குடும்பங்களுக்கு வட்டு வகையே ஏற்றது என்பது நம் கருத்து. இரண்டாவது கண்ட்ரோலரின் விலையையும் முதல் நாளே கூட்டிப் பாருங்கள்.