குடும்ப நலம்: காய்ச்சல் விட்ட பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூ காய்ச்சலும் நம் தருமபுரிப் பக்கத்து வீடுகளில் நுழைந்துவிடுகிறது. நான்கைந்து நாள் அனலாய்க் கொதித்த உடம்பு பின்னர் தணிகிறது. “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் என்ன படுக்கை?” என்ற கேள்வி அன்றே எழுந்துவிடுகிறது. அக்கேள்வி பெரும்பாலும் இல்லத்தலைவியை நோக்கியே எழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படுத்திருப்பவர் நடிக்கவில்லை. கிருமியை எதிர்க்க உடல் தானே சுரக்கும் பொருள்களே உடல்வலியையும் சோர்வையும் உண்டாக்குகின்றன. படுக்கையில் கிடந்த நாள்களில் தசைகளும் வலுவிழக்கின்றன. ஆதலால் காய்ச்சல் நீங்கிய பின்னும் இரண்டு வாரம் வரை, முதியோர்க்கு அதற்கு மேலும், அசதியும் வறட்டு இருமலும் நீடிப்பதுண்டு.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியாக ‘ஆசிய ஃப்ளூ’ நம் நாட்டில் கால் வைத்தது. 1958 பிப்ரவரிக்குள் 44 லட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. பிழைத்தெழுந்தும் வாரக்கணக்கில் ஏர் பிடிக்கவும் குடம் தூக்கவும் இயலாதிருந்தோரை யார் கணக்கெடுத்தார்?

சோர்வு என்றவுடன் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்” என்று கேட்பது நம்மவர் வழக்கம். அரை லிட்டர் சாதாரணக் குளுக்கோஸ் நீரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதாவது ஐந்தாறு தேக்கரண்டி! வாந்தியால் நீர் வற்றியவருக்கும் எதையும் விழுங்க முடியாதவருக்கும் அது வேண்டியதே. வாயால் உண்ணக்கூடியவர் அதற்காக ஒரு நாள் கூலியைச் செலவிடுவானேன்?

நம் மண்ணின் கேழ்வரகு இருக்கிறதே! கூழாகக் கரைத்து மோர் விட்டுக் குடித்தால் காய்ந்த தொண்டைக்கும் இதமாக இறங்கும். சுண்ணாம்புச் சத்து அதில் மிகுதி. ஆனால் நூறு கிராம் மாவில் புரதம் ஏழு கிராம் அளவே. இழந்த தசை மீள அதனோடு பருப்போ, அவரையோ, முட்டையோ சேரவேண்டும். பசியில்லாதவருக்குச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள்.

வேலைக்குத் திரும்புவதுதான் கடினமான பகுதி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்பவருக்கு ஓய்வு நாள் என்றால் கூலியில்லா நாள் அன்றோ? இயன்றவரை முதல் வாரம் மூட்டை சுமப்பதையும் வெயிலில் மண் வெட்டுவதையும் தவிர்த்து இலகுவான வேலை கேட்டுப் பெறலாம். இல்லத்தலைவிக்குத் தண்ணீர்க் குடத்தையும் துணி துவைப்பதையும் மற்றவர் சில நாள் ஏற்றுக்கொள்ளட்டும். இன்று வாசல் வரை, நாளை தெருமுனை வரை என நடையைக் கூட்டுக. மறுநாள் அசதி பெருகினால் ஒருபடி குறைத்துக்கொள்க.

ஆயினும் எல்லாவற்றையும் சோர்வென்று ஒதுக்கிவிடலாகாது. தணிந்த காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் மீண்டும் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சில் குழப்பம் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டோரில் மிகப் பலரைக் கொன்றது, ஃப்ளூவைப் பின்தொடர்ந்து வேறு கிருமிகளால் வந்த நிமோனியாவே. கருவுற்றோரும் சர்க்கரை, ஆஸ்துமா நோயுள்ளோரும் இதில் கூடுதல் விழிப்போடிருத்தல் வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் “ஃப்ளூவின் மிச்சம்” என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது காசநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனைக்கும், நோய் உறுதியானால் முழுச் சிகிச்சைக்கும் கட்டணமில்லை.