வகுப்பறையில் செல்போன் வேண்டாம். அதைச் சொல்லிப் படிப்பையும் பறிக்க வேண்டாம்!

ஜமாஅத் நிற்கும் முன் வரிசையைச் சரிசெய்யச் சொல்லும் இமாம், செல்போனை அணைத்துவிடுங்கள் என்றும் சொல்கிறார். அதை உரிமைப் பறிப்பு என்று யாரும் வாதாடுவதில்லை. தொழுகைக்கு மன ஓர்மை வேண்டும் என்பது நாமறிந்ததே. கல்விக்கு அந்த ஓர்மை வேண்டாமா? ஓதச் சொல்லும் கட்டளையோடு வஹீ தொடங்கப்பெற்ற சமுதாயம் இதில் அலட்சியமாக இருக்கலாமா?

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பாடவேளையின்போது மாணவர்கள் செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். இதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. கவனம் ஒருமுறை சிதறினால் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை. 40 நிமிடப் பாடவேளையில் பாதி போயிற்று! நெதர்லாந்து 2024 ஜனவரி முதல் வகுப்பறையில் செல்போனை விலக்கியது. தென்கொரியா 2025இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியில்லாத ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியர் நடத்தும் அந்த 40 நிமிடம்தான் மூலதனம். அதை இழந்தால் அவனுக்கு வேறு கதி இல்லை.

ஆனால், கட்டுப்பாடு என்பது வேறு; தண்டனை என்பது வேறு. பறித்த போனைத் திருப்பித் தரமாட்டோம் என்று கூறுவது எந்த நியாயம்? அந்தப் போன் பெரும்பாலும் மாணவனுடையதல்ல. தந்தை வளைகுடாவில் வியர்வை சிந்தி அனுப்பியதாக இருக்கும். அல்லது வீட்டுக்கே இருக்கும் ஒரே போனாக இருக்கும். வங்கியிலிருந்து தாய்க்கு வரும் குறுஞ்செய்தியும் அதில்தான் வரும். ஆசிரியர் வாங்கி வைக்கும் போன் அவரிடம் உள்ள அமானிதம். மாலையில் அது உரியவரிடம் சேர வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் இந்த நடுநிலையைத்தான் எடுத்தது: பள்ளிகளில் முழுத் தடை தேவையில்லை, வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது, இயன்ற இடங்களில் பள்ளியே வாங்கிப் பாதுகாப்பாக வைக்கலாம், மீறினால் எடுக்கும் நடவடிக்கை நியாயமாக, அளவுக்கு மீறிக் கடுமையாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றது.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்றுண்டு. மாணவன் பையில் போன் சிக்கினால் 'வாப்பாவைக் கூட்டி வா' என்பதோடு முடிகிறது. மாணவி பையில் சிக்கினால்? தெருவே பேசுகிறது. 'படித்தது போதும்' என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை தேடுகிறார்கள்! ஒரு செல்போனுக்காக ஒரு பெண்ணின் எதிர்காலத்தையே பறிமுதல் செய்வதா? கல்வியைத் தேடுவது ஆண், பெண் இருவருக்கும் கடமை என்று மேடைதோறும் முழங்கும் நாம் இதைத் தட்டிக் கேட்க வேண்டாமா?

செல்போனே ஆகாது என்பதும் நம் வாதமல்ல. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் வந்தது அதன் வழியாகத்தான். விடுதியில் மாலை நேரத்தில் போனுக்குத் தடை விதித்ததை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வகுப்பறை வேறு, விடுதி அறை வேறு.

எனவே அரசு தெளிவான ஒரே விதியை வகுக்கட்டும். காலையில் ரசீதோடு வாங்கி வைத்து, மாலையில் திருப்பித் தரட்டும். பை சோதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் நடக்கட்டும். மாணவியரை ஆசிரியைகளே சோதிக்கட்டும். போனைக் காரணம் காட்டி எந்த மாணவியின் படிப்பும் நின்றுவிடாமல் மஹல்லா ஜமாஅத்துகள் பொறுப்பேற்கட்டும். ஜும்ஆ பயானில் உலமாக்கள் இதைப் பேசட்டும்.

பெற்றோர்களே! பிள்ளை புத்தகம் விரிக்கும் நேரத்தில் முதலில் உங்கள் போனைக் கீழே வையுங்கள். நாம் கடைப்பிடிக்காத ஒழுங்கைப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க நமக்கு ஏது அருகதை?