காஞ்சிபுரத்தில் எலக்ட்ரிக் பைக்: ராத்திரி எங்கே செருகுவது?

எலக்ட்ரிக் பைக் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம் போகும்?" காஞ்சிபுரத்துக்குள் ஓட்ட இது தேவையே இல்லாத கேள்வி. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் கிளம்பி, காந்தி ரோட்டில் பட்டுச்சேலை வாங்க வந்த கார்களுக்கு நடுவில் நெளிந்து, சின்னக் காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் போய்ச் சேர்ந்தாலும் நாலைந்து கிலோமீட்டர்தான். ஊருக்கு அந்தக் கோடி இந்தக் கோடி பத்து தடவை போய் வந்தாலும் பேட்டரி தாங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி வண்டியை எங்கே செருகுவது?

அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. (காமர்ஸ் படிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம், இதற்கு பேலன்ஸ் ஷீட் தேவையில்லை.) பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பைக் 50 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். மூன்று கிலோவாட் அவர் சொச்சம் பேட்டரி உள்ள எலக்ட்ரிக் பைக்கை முழுதாக நிரப்ப மூன்றரை யூனிட் போல ஆகும். ரோட்டில் நிஜமாக 90 கி.மீ. ஓடும், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 31 காசு. மிச்சம் ஏறக்குறைய ஒண்ணே முக்கால் ரூபாய். வாங்கும்போது பெட்ரோல் பைக்கை விட 40,000 ரூபாய் அதிகம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவர் சொந்த வீட்டில் இருக்கும் பட்டு வியாபாரி. வீட்டுக்கும் கடைக்கும் ஒரு நாளைக்கு 10 கி.மீ. ஓட்டுகிறார். மாசம் 500 ரூபாய் மிச்சம். அந்த 40,000 திரும்பி வர ஆறரை வருஷம்! அதற்குள் பேட்டரி கிழவன் ஆகிவிடும். இன்னொருவர் பிள்ளையார்பாளையத்துப் பையன். அப்பா தறியில் உட்கார்ந்தவர், மகன் தறியை விட்டு ஒரகடம் பக்கம் ஃபேக்டரிக்குப் போகிறான். போக வர 70 கி.மீ., மாசம் 26 நாள். மிச்சம் மூவாயிரத்துக்கு மேல். ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே போனால் போட்ட பணம் வந்துவிடும். (கம்பெனி பஸ் வீட்டுப் பக்கம் வந்து ஏற்றிக்கொள்கிறது என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், பேசாமல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம்.)

ஆக, எலக்ட்ரிக் பைக் யாருக்கு லாபமோ அவர் வீட்டில் பிளக் இல்லை. யார் வீட்டில் பிளக் இருக்கிறதோ அவருக்கு லாபம் இல்லை. இந்த ஊரில் மொத்தப் பிரச்சனையும் இதுதான்.

வாடகைப் போர்ஷனில் இருப்பவருக்கு மீட்டர் ஹவுஸ் ஓனருடையது. அவர் சொல்லும் ரேட்தான் ரேட். 2016ல் வந்த, இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் யார் கணக்கில் போகிறது என்று வாடகைக்கு இருக்கும் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். சொந்த மீட்டரே இருந்தாலும், மாசம் 1,800 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாசத்துக்கு 140 யூனிட் பைக்குக்கே போய்விடும். கைத்தறி நெசவாளர்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023ல் 300 ஆனது உண்மைதான். அது தறிக்குக் கொடுத்தது. மகன் பைக்கை அதில் செருகுவது முறையில்லை.

நெசவாளர் வீடுகள் ஒன்றோடு ஒன்று சுவர் ஒட்டி, நீளமாக உள்ளே போகும். முன்கட்டில் குழித்தறி, மேலே பாவு, பக்கத்தில் பட்டு நூலும் ஜரிகையும். அங்கே பைக்கை ஏற்றி ராத்திரி முழுக்க சார்ஜ் போடச் சொல்ல எவருக்கும் மனசு வராது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் பேட்டரி பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. நல்லது. ஆனாலும் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி, உள்ளே ஆள் தூங்கும் வீட்டுக்கு எந்த விதியும் இன்னொரு வாசல் வைத்துக் கொடுக்காது.

பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போகலாமே என்பீர்கள். 2019ல் வந்த ரிவோல்ட் ஆர்.வி.400ல் அது முடியும், கனம்தான், ஆனால் முடியும். 2025ல் கிருஷ்ணகிரி ஃபேக்டரியிலிருந்து வந்த ஓலா ரோட்ஸ்டர் எக்ஸில் முடியாது. மாடி போர்ஷனில் இருப்பவர் விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

தூரக் கேள்வி இங்கேதான் திரும்ப வருகிறது. புதுசில் 90 ஓடும் பைக், பேட்டரி எண்பது சதவீதத்துக்கு இறங்கினால் 72தான் ஓடும். ஒரகடத்துக்குப் போய் வர 70. வாலாஜாபாத் தாண்டி ஹைவேயில் கொஞ்சம் முறுக்கினால் அதுவும் இல்லை. நடுரோட்டில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிலோவாட் அவருக்கு 2021 ஜூனில் 15,000 ரூபாய், 2023 ஜூனில் 10,000, 2024 ஏப்ரலில் 5,000 என்று மத்திய மானியம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பணம் போனது வண்டி விலைக்கு. சொந்த வீட்டுக்காரரின் பத்து கிலோமீட்டருக்கும் அதே மானியம், ஒரகடம் பையனின் எழுபதுக்கும் அதே மானியம். கொஞ்சத்தை ஃபேக்டரி பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வைக்கக் கொடுத்திருந்தால், பயனே வேறு.

ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம். ஆர்.வி.400க்கு முழு சார்ஜ் ஏற நாலரை மணி நேரம் போதும். அவ்வளவு நேரமும் வண்டி ஷெட்டில் சும்மாதான் நிற்கிறது. வீட்டுக்கு வெளியே, தூங்குகிற ஆள் யாரும் இல்லாத இடம். 15 ஆம்பியர் சாக்கெட்டும் சப்-மீட்டரும் வைத்து, ஏறிய யூனிட்டுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் பையன்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கேன்டீன் காசு பிடிப்பது மாதிரிதான். புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஃபேக்டரி வைத்திருக்கும் பகுதி இது. பைக்கைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்கு யாரும் புதுசாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.